அமெரிக்காவில் முதல் சிம்: குறைந்த செலவில் ப்ரீபெய்டு எண் எடுப்பது எப்படி

"எந்த பிளான் நல்ல பிளான்?" அமெரிக்கா வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். பதில் சொல்லவும் நாலு பேர் தயாராக இருப்பார்கள். ஒருவர் மின்ட் என்பார், இன்னொருவர் விசிபிள் என்பார், மூன்றாமவர் "பேசாம எங்க ஃபேமிலி பிளான்ல சேர்ந்துடுங்க" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் குடியிருக்கும் தெருவில், அவரவர் போனில் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. உங்கள் தெரு வேறு, உங்கள் போன் வேறு. அதனால் பிளான் பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இடம், போன், தேவை, விலை என்ற வரிசையில் போனால் பணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், வேலைக்கு வந்தவரின் துணையாக எச்-4 விசாவில் வந்தவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் தாத்தா பாட்டி, இவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இவர்களுக்கு ப்ரீபெய்டே பொருத்தம். இங்கே போஸ்ட்பெய்டு என்றால் நிறுவனம் உங்களுக்குக் கடன் கொடுப்பது மாதிரி. அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோரைப் பார்ப்பார்கள். நேற்று வந்தவரிடம் இரண்டும் இருக்காது. எஃப்-1 மாணவருக்கு வேலை செய்யும் அனுமதி வந்த பிறகுதான் அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கவே முடியும். ப்ரீபெய்டில் பெயர், முகவரி, பணம் போதும். நம் ஊர் மாதிரி ஆதார், கைரேகை எதுவும் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் அந்த மாதத்தோடு கிளம்பிவிடலாம். (ப்ரீபெய்டு பணம் ஒழுங்காகக் கட்டினால் கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏறாது.)

கிளம்புவதற்கு முன், ஊரிலேயே

இந்திய எண்ணைக் கைவிட்டுவிடாதீர்கள். வங்கி ஓடிபி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கிளம்புமுன் உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால்தான் காசு போகும். போனில் அந்த சிம்முக்கான டேட்டா ரோமிங்கை மட்டும் மறக்காமல் அணைத்து வையுங்கள்.

வேலிடிட்டி முடிந்தால் கொஞ்ச நாளில் ஓடிபியும் நின்றுபோகும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை முடக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. பிறகு அது வேறு யாருக்கோ போய்விடும். 2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள நீண்ட கால ரீசார்ஜ்கள் கிடைக்கின்றன. ஒரு வருடத்துக்கு அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

வாட்ஸ்ஆப் இந்திய எண்ணிலேயே இருக்கட்டும். புது சிம் போட்டதும் "எண்ணை மாற்றவா" என்று அது கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சொந்தபந்தம் எல்லோரும் பழைய எண்ணிலேயே உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு சின்ன விஷயம்: உங்கள் வங்கியின் 1800 எண்ணை இங்கிருந்து அழைத்தால் பெரும்பாலும் போகாது. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று வங்கி தனியாக ஓர் எண் வைத்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டு வருவதும் அவசியம். இந்தியக் கார்டுகளில் அது தானாக இயங்கியிருக்காது.

முதல் படி: டவர்

அமெரிக்கா முழுக்கப் பரவிய பெரிய செல்போன் நெட்வொர்க் மூன்றுதான்: வெரைசன், ஏ.டி. அண்ட் டி, டி-மொபைல். நாலாவதாக இருந்த ஸ்பிரின்ட் 2020 ஏப்ரலில் டி-மொபைலோடு சேர்ந்துவிட்டது. நீங்கள் கேள்விப்படும் மற்ற பெயர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் டவரை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவை, அல்லது அவர்களே வேறு பெயரில் நடத்தும் கடைகள்.

டி-மொபைல் டவரில் ஓடுபவை மெட்ரோ, மின்ட், அல்ட்ரா, டெல்லோ. இவற்றில் மெட்ரோ பல காலமாக டி-மொபைலின் சொந்தப் பிராண்டு. மின்ட்டையும் அல்ட்ராவையும் 2024 மே மாதம் அதுவே வாங்கிவிட்டது. ஈழத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன் 2006இல் தொடங்கிய லைக்காமொபைலும் இங்கே டி-மொபைல் டவரில்தான் ஓடுகிறது. சென்னையில் படத் தயாரிப்பு நிறுவனமாகத் தெரிந்த பெயர் இங்கே சிம் உறையில் இருப்பதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவதுண்டு. வெரைசன் பக்கம் விசிபிள், ஸ்ட்ரெய்ட் டாக், டோட்டல், டிராக்ஃபோன். டிராக்ஃபோன் குடும்பத்தை 2021 நவம்பரில் வெரைசன் வாங்கியது. ஏ.டி. அண்ட் டி பக்கம் கிரிக்கெட். யுஎஸ் மொபைல் என்ற நிறுவனம் மூன்று டவரிலும் சிம் தருகிறது. எந்த டவர் வேண்டும் என்று நீங்களே சொல்லலாம் என்பதால், குழப்பத்தில் இருப்பவர்களுக்கு அது வசதி.

ஆக, முடிவெடுக்க வேண்டிய முதல் விஷயம் மூன்றில் எந்த டவர் என்பது. ஜெர்சி சிட்டியிலோ டாலஸ் புறநகரிலோ குடியிருந்தால் மூன்றும் கிடைக்கும், விலையைப் பார்த்தால் போதும். சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் வேலையிடம் என்றால் டவர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. நடத்தும் பிராட்பேண்ட் வரைபடத் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, மொபைல் பகுதியைத் திறந்தால் எந்த நிறுவனத்துக்கு எங்கே சிக்னல் என்று பார்க்கலாம். ஆனால் வரைபடம் திறந்த வெளியைத்தான் காட்டும், உங்கள் பேஸ்மென்ட் அறையைக் காட்டாது. அபார்ட்மென்ட்டில் மேலேயும் கீழேயும் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். "வீட்டுக்குள்ள டவர் கிடைக்குதா, வைஃபை இல்லாம பேச முடியுதா" என்று இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் வைஃபையிலேயே வாழ்கிறார்கள். டவர் இல்லாதது அவர்களுக்கே தெரியாது.

இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) உள்ள போன் என்றால் இன்னும் சுலபம். பல நிறுவனங்கள் சில நாள்களுக்கு இலவசச் சோதனை இணைப்பு தருகின்றன. கார்டு விவரம் கேட்காத சோதனையாகப் பார்த்து எடுத்து, சமையலறை, பேருந்து நிறுத்தம், நூலகத்தின் கீழ்த்தளம் என்று ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

ஒரே டவரில் ஓடும் இரண்டு பிளான்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு, அதை விளம்பரம் சொல்லாது. டவரில் நெரிசல் வந்தால் முதல் உரிமை அதிகப் பணம் கட்டுபவருக்கு. மலிவான பிளான்காரர் வரிசையில் பின்னால் தள்ளப்படுவார். சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது. டெக்சஸில் காலேஜ் ஸ்டேஷன் மாதிரி ஊரில், ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை தெரியும்: நாலு கோடும் நிறைந்து நிற்கும், மேப் மட்டும் திறக்காது. மாதத்தில் ஓரிரு நாள் அவதிக்காக 20 டாலர் கூடக் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். நான் கொடுக்க மாட்டேன். டெலிவரி, ஊபர் என்று போனை நம்பித் தொழில் செய்பவர் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: கையில் இருக்கும் போன்

இந்தியாவிலிருந்து கொண்டுவரும் போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு என்ற லாக் இல்லாமல் இருக்கும். அதுவே பெரிய லாபம், புது போன் வாங்கவே வேண்டாம். ஆனால் இரண்டு தடைகள் உண்டு.

ஒன்று, அலைவரிசை. நம் ஊர் 4ஜி பெரும்பாலும் பேண்ட் 3, 5, 8, 40, 41இல் ஓடுகிறது. இங்கே சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் சிக்னல் வேறு பேண்டுகளில்: டி-மொபைலுக்கு 12, 71, வெரைசனுக்கு 13, ஏ.டி. அண்ட் டிக்கு 12, 14. நம் ஊர்ச் சந்தைக்கென்று செய்த பட்ஜெட் போன்கள் பலவற்றில் இந்த பேண்டுகள் இருக்காது. ரோட்டில் நன்றாகப் பேசும் போன் வீட்டுக்குள் வந்ததும் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். போனின் முழு மாடல் எண்ணை எடுத்து, அதன் விவரப் பட்டியலில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐபோன், விலை உயர்ந்த சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

இரண்டாவது தடை இன்னும் விசித்திரமானது. 2022 முடிவதற்குள் மூன்று நிறுவனங்களும் 3ஜியை மூடிவிட்டன. இப்போது அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். நாம் வோல்ட்டி என்று சொல்கிறோமே, அது. ஜியோவில் வோல்ட்டி வேலை செய்த போன் இங்கேயும் செய்யும் என்று உறுதி இல்லை. இங்கே நீங்கள் சேரும் நிறுவனத்துக்கான அமைப்பு அந்த போனில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் டேட்டா ஓடும், யூடியூப் ஓடும், அழைத்தால் மட்டும் போகாது. ஏ.டி. அண்ட் டி தன் பட்டியலில் இல்லாத மாடல்களை ஏற்பதில் கறார். வெளிநாட்டு போன்களிடம் மூன்றில் டி-மொபைல்தான் கொஞ்சம் தாராளம். அதனால் பட்ஜெட் ஆண்ட்ராய்டோடு வருகிறவர்கள் முதலில் டி-மொபைல் டவர்க்காரர்களைப் பார்ப்பது நல்லது.

சோதிப்பது எளிது. டயலரில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். சிம் வாங்குமுன் அந்த நிறுவனத்தின் தளத்தில் "சொந்த போனைக் கொண்டுவருதல்" பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு ஐஎம்இஐ இருக்கும். எந்த சிம் இடத்தில் அமெரிக்க இணைப்பு வரப்போகிறதோ அதற்குரியதைப் போடுங்கள்.

இந்திய ஐபோன்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நானோ சிம்மும் இ-சிம்மும் சேர்ந்து வேலை செய்யும். இந்திய சிம் தட்டில், அமெரிக்க எண் இ-சிம்மில். இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது. இங்கே தள்ளுபடியில் வாங்கி ஊருக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவாக இருக்கிறதே என்று ப்ரீபெய்டு நிறுவனம் விற்கும் போனை வாங்கினால், அது அந்த நிறுவனத்துக்கே லாக் ஆகியிருக்கும். திறந்துவிட ஒரு வருடம் வரை ஆகலாம். அதுவரை வேறு சிம் போட முடியாது, ஊருக்கு எடுத்துப் போனாலும் பிரயோஜனமில்லை.

மூன்றாம் படி: மாதத்துக்கு எத்தனை ஜிபி

நம் ஊரில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. இங்கே பிளானில் 5 ஜிபி என்று போட்டிருந்தால் அது மாதம் முழுமைக்கும். முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டு விழிக்கிறவர்கள் நிறைய. அதற்காகப் பயந்து அன்லிமிடெட் பக்கம் ஓடவும் வேண்டாம். வீட்டில் வைஃபை, வளாகத்தில் வைஃபை, அலுவலகத்தில் வைஃபை. மீதி இருப்பது பேருந்து நேரமும் கடைத்தெருவும்தான். ஊரில் இருக்கும்போதே ஆண்ட்ராய்டில் டேட்டா உபயோகப் பக்கத்தைத் திறந்து, வைஃபை தவிர்த்து மொபைல் டேட்டா எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோனில் அந்தக் கணக்கு மாதம் பிறந்தால் தானாகப் பூஜ்யமாகாது. நீங்கள்தான் ரீசெட் செய்ய வேண்டும்.

வீடியோதான் தின்னும். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. படத்தை வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்பவருக்கு மாதம் 5 ஜிபி தாராளம்.

அளவு தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பிளான்களில் இணைப்பு அறுந்துபோகாது, வேகம் 128 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டு, பொடி எழுத்தில் 35 ஜிபிக்குப் பிறகு இந்த வேகம் என்று எழுதியிருப்பவர்களும் உண்டு. ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் வேலை செய்வீர்களென்றால் அதற்குத் தனி வரம்பு இருக்கும்.

நிமிடக் கணக்குப் பிளானில் ஒரு பொறி: இங்கே உங்களுக்கு வரும் அழைப்பும் உங்கள் கணக்கில்தான் கழியும். இன்கமிங் இலவசம் என்பது நம் ஊர்ப் பழக்கம். பேச்சு அளவில்லாமல் உள்ள பிளானாக எடுத்தால் இந்தக் கவலை இல்லை, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான்காம் படி: விலையைப் படிப்பது

2024 ஏப்ரல் 10 முதல் பெரிய நிறுவனங்களும், அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் சிறியவையும் ஒவ்வொரு இணையப் பிளானுக்கும் ஒரே மாதிரியான விவரச் சீட்டு வைக்க வேண்டும் என்று எஃப்.சி.சி. கட்டாயமாக்கியது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று இருக்குமே, அதே கறுப்பு வெள்ளைக் கட்டம். மொபைல் பிளானுக்கும் உண்டு. வாங்கும் பக்கத்தில், விலைக்குக் கீழே ஒரு சின்னச் சுட்டியாக ஒளிந்திருக்கும். அதைத் திறந்து நாலு இடம் பாருங்கள்: மாத விலை என்ன, அது அறிமுக விலை என்றால் எத்தனை மாதத்துக்கு, ஒரு முறை கட்டும் கட்டணம் உண்டா, விலைக்குள் எத்தனை ஜிபி. மூன்று பிளான்களின் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளம்பரத்தின் வர்ணம் எல்லாம் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்ட் "மாதம் 15 டாலர், 5 ஜிபி" என்று விற்ற பிளானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மாதத்துக்கென்று வாங்க முடியாது. குறைந்தது மூன்று மாதம், அதாவது 45 டாலர் முதலிலேயே. மூன்று மாதம் முடிந்து, அதே 15 டாலர் விலை தொடர வேண்டுமென்றால் 12 மாதத்துக்குச் சேர்த்து 180 டாலர் கட்ட வேண்டும். மறுபடி மூன்று மாதம் மட்டும் எடுத்தால் மாத விலை ஏறிவிடும். வரி தனி. டெல்லோவில் 10 டாலருக்கு 2 ஜிபி, மாதாமாதம் கட்டலாம், வரி தனி. விசிபிளின் அடிப்படைப் பிளான் 25 டாலர், வரி உட்பட. டேட்டாவுக்கு அளவில்லை, ஆனால் நெரிசலில் பின்வரிசை. இந்த எண்கள் மாறும். நீங்கள் வாங்கும் நாளில் ஒரு டாலர் கூடவோ குறையவோ இருக்கலாம். கணக்குப் போடும் விதம் மட்டும் மாறாது: வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, வரியோடு எவ்வளவு, இன்று கையிலிருந்து எவ்வளவு போகிறது.

வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். செல்போன் வரி கனமாக இருக்கும் மாநிலங்களில் இல்லினாயும் வாஷிங்டனும் உண்டு. அதனால்தான் சிகாகோவில் இருக்கும் நண்பரின் பில்லை வைத்து உங்கள் பில்லை ஊகிக்க முடியாது.

வருடம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டுவது மலிவு என்பது உண்மை. ஆனால் வந்த முதல் மாதத்தில் அதைச் செய்யாதீர்கள். வீடு மாறும், வேலை மாறும், செமஸ்டர் முடிந்து இன்டர்ன்ஷிப்புக்கு வேறு மாநிலம் போவீர்கள். இரண்டு மாதம் கூடுதல் விலை கொடுத்துப் பார்த்துவிட்டு, டவர் சரி என்று தெரிந்த பிறகு வருடக் கணக்குக்குப் போவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பழைய யூடியூப் காணொளிகளில் அரசு மாதம் 30 டாலர் இணையச் சலுகை தருகிறது என்று சொல்வார்கள். அந்தத் திட்டம் நிதி தீர்ந்து 2024 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இன்றும் அதன் பெயரைச் சொல்லி விவரம் கேட்பவர் மோசடிக்காரர்.

ஐந்தாம் படி: வாங்கும் நாள்

விமான நிலையக் கடையில் வாங்க வேண்டாம், அங்கே விலை அதிகம். அங்கே இலவச வைஃபை கிடைக்கும். அழைத்துப் போக வருபவருக்கு வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்ப அது போதும். மாணவர்களுக்கு ஊரிலேயே கன்சல்டன்சிகளும் இங்கே பல்கலைக்கழக அறிமுக விழாக்களிலும் இலவச சிம் கொடுப்பார்கள். சிம்தான் இலவசம், பிளான் இல்லை. வாங்கி வையுங்கள், போட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

வால்மார்ட், டார்கெட், பெஸ்ட் பை கடைகளில் சிம் உறைகளும் ரீஃபில் அட்டைகளும் கொக்கியில் தொங்கும். இணையத்தில் இந்தியக் கார்டைப் போட்டால் சில நேரம் பணம் போகாது. பில்லிங் முகவரிக்கு ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்பார்கள், நம் ஆறு இலக்கப் பின்கோடு பொருந்தாது. அப்போது ரீஃபில் அட்டைதான் கைகொடுக்கும். ரொக்கம் கொடுத்து வாங்கலாம். பில் போடும் இடத்தில் ஸ்கேன் செய்த பிறகுதான் அட்டைக்கு உயிர் வரும், எனவே ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கம் சுரண்டினால் வரும் எண்ணை ஆப்பிலோ தளத்திலோ போட வேண்டும். எந்த நிறுவனத்தின் அட்டை என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். எல்லாம் ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் தொங்கும், மாற்றி வாங்கினால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் சாட் செய்து பிரச்சினையைத் தீர்க்கத் தயக்கம் உள்ளவர்கள் மெட்ரோ, கிரிக்கெட் மாதிரி தெருக்கடை உள்ள நிறுவனத்துக்குப் போகலாம். கொஞ்சம் விலை கூட. ஆனால் போனை நீட்டி "வேலை செய்யல" என்று சொன்னால் பார்த்துக்கொடுக்க ஓர் ஆள் இருப்பார். கடைக்காரர் இன்சூரன்ஸ், போன் உறை என்று எதையாவது சேர்த்துவிடப் பார்ப்பார். பில்லைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இணைப்பு வந்ததும் மூன்று வேலை. யாருக்காவது அழைத்து, அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பேச முடிந்தால்தான் வோல்ட்டி சரி. பிறகு வைஃபை வழியாகவே பேச வைக்கும் வைஃபை காலிங்கை இயக்குங்கள். அப்போது அவசர முகவரி கேட்கும், வீட்டு முகவரியை அபார்ட்மென்ட் எண்ணோடு கொடுங்கள். வைஃபையிலிருந்து 911 அழைத்தால் ஆம்புலன்ஸ் அந்த முகவரிக்குத்தான் வரும். பிளான் காலாவதியான போனிலிருந்தும் 911 போகும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். மூன்றாவது, கணக்குக்குக் கடினமான ஒரு பின் எண் வையுங்கள். அந்தப் பின் தெரிந்தவர் உங்கள் எண்ணையே தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ள முடியும், பிறகு வங்கி ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும்.

புது எண்ணுக்கு முன்பின் தெரியாத பெயரைக் கேட்டு அழைப்பு வந்தால் பதற வேண்டாம். எண்கள் மறுசுழற்சியில் வருபவை. ஒருவர் விட்டுப்போன எண்ணைக் குறைந்தது 45 நாள் ஆறப்போட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். பழைய சொந்தக்காரரின் கடன்காரர்கள் கொஞ்ச நாள் தேடுவார்கள். ஆனால் குடியேற்ற அலுவலகம் பேசுகிறோம், வரி அலுவலகம் பேசுகிறோம், உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லு என்று யாராவது மிரட்டினால் வைத்துவிடுங்கள். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை.

ஃபேமிலி பிளானில் சேரலாமா?

நம் ஆள்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் அடிக்கடி வரும் விளம்பரம் இது: "எங்கள் பிளானில் ஒரு இடம் காலி, மாதம் 25 டாலர்." முகம் தெரியாத நாலைந்து பேர் ஒருவரின் போஸ்ட்பெய்டு கணக்கில் ஒட்டிக்கொள்வது. விலை நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த எண் சட்டப்படி கணக்கு வைத்திருப்பவருடையது. அவர் ஊர் மாறினாலோ, பணம் கட்டாமல் விட்டாலோ, உங்களோடு சண்டை வந்தாலோ எண்ணை வெளியே எடுக்க அவர் தயவு வேண்டும். வங்கி, வாடகை ஒப்பந்தம், போன் எண்ணை வைத்தே பணம் அனுப்பும் ஸெல் (Zelle) சேவை, எல்லாம் அந்த எண்ணில்தான். கூடப் பிறந்தவர், நெருங்கிய நண்பர் என்றால் தாராளமாகச் சேருங்கள். முகம் தெரியாதவர் என்றால் மாதம் ஐந்து டாலர் மிச்சத்துக்காக உங்கள் எண்ணை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

அப்பா அம்மா வந்தால்

பார்வையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதிப்பார்கள். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு 1 ஜிபி, 2 ஜிபி பிளான் மிகவும் போதும். அவர்கள் பார்ப்பதெல்லாம் வீட்டு வைஃபையில். தனி எண் அவசியமா என்று கேட்டால், அவசியம். காலையில் நடைப்பயிற்சிக்குப் போய் ஒரே மாதிரி வீடுகளுக்கு நடுவில் வழி தெரியாமல் நிற்கும்போது வைஃபை இருக்காது. வயதானவர்களின் போனில் இந்திய சிம்மைக் கழற்றி அமெரிக்க சிம்மைப் போட்டுவிட்டு, கழற்றிய சிம்மைத் தாளில் மடித்து எங்கோ வைத்துத் தேடுவது பல வீடுகளில் நடக்கும் கதை. இரண்டு சிம் போனாக இருந்தால் இரண்டையும் உள்ளேயே வையுங்கள். வெளியே அழைக்க அமெரிக்க எண்ணை இயல்பாக அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் அம்மா உங்களை அழைக்கும் ஒவ்வொரு முறையும் ரோமிங்கில் ரூபாய் கரையும். அவசர எண்களை +1 சேர்த்துப் பதிந்து கொடுங்கள்.

மாறுவதும், ஊர் திரும்புவதும்

பிளான் சரியில்லையா, எண்ணோடு மாறிக்கொள்ளலாம். பழைய நிறுவனத்திடம் கணக்கு எண்ணும் மாற்றுவதற்கான பின்னும் வாங்குங்கள். பெரும்பாலும் ஆப்பிலேயே கிடைக்கும். புது நிறுவனத்தில் சேரும்போது இவற்றைக் கொடுத்தால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ எண் மாறிவிடும். பழைய இணைப்பை நீங்களே முதலில் ரத்து செய்யக் கூடாது, செய்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். பழைய பிளான் உயிரோடு இருக்கும்போதே, காலாவதிக்கு ஓரிரு நாள் முன்னால் மாறுவது நல்லது. ஆட்டோ பே போட்டிருந்தால் அதை நிறுத்த மறக்க வேண்டாம்.

படிப்பு முடிந்து ஊர் திரும்புபவர்கள் எண்ணை உடனே விட்டுவிடக் கூடாது. வரித் தாக்கல், வங்கிக் கணக்கை மூடுவது, வாடகை முன்பணம் திரும்ப வருவது எல்லாம் சில மாதம் இழுக்கும். இணையம் வழியாக எண்ணை வைத்துக்கொள்ள உதவும் கூகுள் வாய்ஸ் சேவைக்கு எண்ணை 20 டாலர் கொடுத்து ஒரே முறை மாற்றி வைத்தால், அதற்குப் பிறகு மாதக் கட்டணம் இல்லாமல் இந்தியாவிலிருந்தே குறுஞ்செய்தி பார்க்கலாம். சில வங்கிகள் அத்தகைய எண்ணுக்கு ஓடிபி அனுப்ப மறுக்கும். அதனால் மாற்றும் வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். இங்கே இருக்கும்போதே மாற்றி, எந்த வங்கியின் ஓடிபி வருகிறது, எது வரவில்லை என்று பார்த்து, வராத வங்கியில் மின்னஞ்சலையோ ஆப் வழி உறுதிப்படுத்தலையோ பதிந்துவிட்டு விமானம் ஏறுங்கள்.